பகடைக்கு ஞாபகம் வந்த வருஷம்

எங்கள் ஊரில் பகடைக்கு ஞாபகம் வந்த வருஷத்தில்தான் என் மனைவி பாக்கியம் எழுபத்தொரு நாள் சாக முடியாமல் கிடந்தாள், அந்த ஞாபகத்தை வேண்டுமென்று கேட்டு வாங்கியவன் நான்தான், ஆகையால் இந்தக் கதையை வேறு யாராவது சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே சொல்லிவிடுவது நல்லது. என் பேர் அரிகிருஷ்ணன். சங்கோடைக்குப்பத்தில் முதல் வகையறாவைச் சேர்ந்தவன்.

எங்கள் ஊருக்கு முன்னால் கடல், பின்னால் உப்பேரி, இரண்டும் சேரும் இடத்தில் முகத்துவாரம், அந்த முகத்துவாரத்தின் வழியாகத்தான் இறால் உள்ளே வரும், அங்கே வலை கட்டும் உரிமைக்குப் பாடு என்று பேர், ஒரு நாளைக்கு ஒரு வகையறாவுக்குத்தான் பாடு, மற்ற ஐந்து வகையறாவும் அன்றைக்கு ஏரிக்குள் போய்க் கிடைத்ததை அள்ளிக்கொண்டு வரவேண்டும். முதன்முதலில் ஆறு படகில் வந்து இறங்கியவர்களின் வழிவந்த ஆறு வகையறா நாங்கள். எங்கள் முதல் வகையறா பெருகி நாற்பத்திரண்டு வீடாகிவிட்டது, ஆறாவது வகையறா தேய்ந்து ஒரே வீடாக நின்றுவிட்டது, ஆனாலும் பாடு வகையறாவுக்குத்தானே தவிர வீட்டுக்கு இல்லை என்று கங்கையம்மன் முன்னால் அந்தக் காலத்திலேயே சத்தியம் செய்து வைத்துவிட்டார்கள். அந்த ஒற்றை வீட்டுக்காரர்கள் நாற்பத்திரண்டு வீட்டின் பங்கைத் தனியாக அனுபவித்தார்கள், நாங்களும் ஒன்றும் சொன்னதில்லை.

தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கோயில் வாசலில் பெரியதனக்காரர் கோதண்டம் பித்தளைப் பகடையை உருட்டுவார், விழும் எண்ணுக்குரிய வகையறாவுக்கு மறுநாள் பாடு. உருட்டி உருட்டி அந்தப் பகடையின் ஒரு முனை மழுங்கி, மூன்று மட்டும் அடிக்கடி விழ ஆரம்பித்து, மூன்றாவது வகையறாவுக்கும் மற்றவர்களுக்கும் கைகலப்பாகி இரண்டு பேர் மண்டை உடைந்த பிறகுதான், ஆறாவது வீட்டுக்கு மருமகளாக வந்திருந்த சசிரேகா, கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்தவள், செல்போனுக்குள்ளேயே உருளும் ஒரு பகடையைச் செய்து கொடுத்தாள். அதற்கு முனையும் இல்லை, மழுங்கலும் இல்லை. ஊரே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது.

நான் மட்டும் வலைக்கூடத்துச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். முப்பத்தாறு நாள் முடிந்தபோது ஆறாவது வகையறாவுக்குப் பதினோரு கோடு இருந்தது, எங்களுக்கு இரண்டு. நாற்பத்திரண்டு வீடு இரண்டு நாள் இறாலை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? நான் சசிரேகாவை வலைக்கூடத்துக்குக் கூப்பிட்டு, ஊர் பார்க்கச் சுவரைக் காட்டினேன்.

"இன்னாம்மா இது? உன் வீட்டுக்குப் பதினொண்ணு, எங்களுக்கு ரெண்டா?"

"நான் ஒண்ணும் பண்ணல மாமா. பகடைக்கு ஞாபகம் கிடையாது. நேத்து யாருக்கு வுழுந்துச்சின்னு அதுக்குத் தெரியாது. அதனாலதான் கொஞ்ச நாளுக்குப் பாத்தா கோணலாத் தெரியும், ரொம்ப நாள் உருட்டினா சமமா வந்துடும்."

அவள் பொய் சொல்லவில்லை. மறுநாள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் கண்முன்னே அந்தப் பகடையை அறுபதாயிரம் தடவை உருட்டிக் காட்டினாள், ஒரு வாய் டீ குடிப்பதற்குள் உருட்டி முடித்துவிட்டது, ஒவ்வொரு எண்ணும் பத்தாயிரத்தை ஒட்டித்தான் வந்திருந்தது, ஐம்பது அறுபது முன்னே பின்னே.

"அறுபதாயிரம் நாள்னா எத்தினி வருஷம்?" என்று கேட்டேன்.

அவள் மனசுக்குள் வகுத்துப் பார்த்தாள். "நூத்தி அறுபத்தி நாலு, மாமா."

"அது வரைக்கும் நான் இருப்பனா? என் வீட்டு அடுப்பு இருக்குமா? எனக்கு இந்த மாசத்துல சமமா வேணும். ஞாபகம் இருக்கிற பகடையா ஒண்ணு செஞ்சிக் குடு."

"அப்போ அது பகடையே இல்ல மாமா. ஒரு கொடத்துல ஆறு சீட்டுப் போட்டு, எடுத்த சீட்ட உள்ள போடாம, ஆறும் தீந்தப்புறம் மறுபடி மொத்தமாப் போட்டுக் குலுக்குற மாதிரி. ஒருத்தருக்கு வந்துட்டா மத்த அஞ்சு பேருக்கும் வர்ற வரைக்கும் அவருக்குத் திரும்ப வராது."

"அதான் எங்களுக்கு வேணும்" என்றேன். கூடத்திலிருந்த அத்தனை பேரும் அதையே சொன்னார்கள், அவளுடைய மாமனார் ஏழுமலைகூட, பதினொன்றின் கூச்சத்தில், அதையே சொன்னார். அவள் ஒரு நிமிஷம் எங்கள் எல்லார் முகத்தையும் பார்த்தாள். இரண்டு நாளில் பகடையை மாற்றி எடுத்துக்கொண்டு வந்து, "இப்போ சரியா மாமா?" என்று கேட்டாள். இப்போதுதான் சரி என்று நான் அவளைப் பாராட்டி அனுப்பினேன்.

அதன் பிறகு ஆறு நாளுக்கு ஒரு முறை ஆறு வகையறாவுக்கும் பாடு வந்தது, சண்டை ஓய்ந்தது, பழைய கோடுகளை விட்டுச் சுவரின் இன்னொரு பக்கம் நான் புதிதாகப் போட்ட கோடுகள் ஒரே உயரத்தில் வளர்ந்தன. ஆடி பிறந்து பத்து நாள் இருக்கும், ஐஸ் கம்பெனி வாசலில் கிடக்கும் செவலை நாய் இரண்டாவது வகையறா ஆளைக் கடித்தது, அப்புறம் ஐந்தாவது, அப்புறம் எங்களில் ஒருவனை, அப்புறம் மூன்று, நான்கு. ஐந்து பேரைக் கடித்த நாய் ஆறாவதாகத் தேசிங்கைத்தான், அதாவது சசிரேகாவின் புருஷனைத்தான், கடிக்கும் என்று ஊரில் எல்லாருக்கும் யாரும் சொல்லாமலே தெரிந்துவிட்டது, ஆகையால் மற்ற ஐந்து வகையறாப் பிள்ளைகளும் அந்த நாயின் வாலைப் பிடித்து இழுத்து விளையாடின, தேசிங்கு மட்டும் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு சுற்றினான், பூட்ஸைக் கழற்றிக் கால் கழுவிய ஒரு மத்தியான வேளையில் நாய் வந்து கடித்துவிட்டுப் போனது. மறுநாளிலிருந்து எல்லாரும் மறுபடி கையில் குச்சி வைத்துக்கொண்டோம்.

இப்படித்தான் எல்லாமே முறை வைத்து வர ஆரம்பித்தது, காய்ச்சல், தேங்காய் தலையில் விழுவது, ஆடு இரட்டைக் குட்டி போடுவது, படகு கவிழ்வது, எல்லாம் வகையறாவுக்கு ஒன்று, ஆறும் முடிந்தால் அடுத்த சுற்று. நாங்கள் அதற்குப் பழகிக்கொண்டோம் என்பதைவிட, அதில் ஒரு சுகம் கண்டோம் என்று சொல்வதுதான் உண்மை. தன் முறை முடிந்தவன் மார்பை நிமிர்த்திக்கொண்டு நடந்தான், முறை வராதவன் வீட்டுக்குள் இருந்தான், பார்க்கும்போது "உங்களுக்கு ஆயிடுச்சா?" என்று விசாரித்துக்கொள்வது சாப்பிட்டாச்சா என்று கேட்பது மாதிரி ஆகிவிட்டது. கோதண்டம் கோயில் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டி, எது எந்த வகையறாவில் நிற்கிறது என்று எழுதி வைத்தார்.

முதல் கஷ்டம் கல்யாணத்தில் வந்தது. ஐந்து வகையறாவிலும் ஒவ்வொரு கல்யாணம் நடந்த பிறகு ஊரில் எந்த வரனும் தகையவில்லை, நிச்சயம் செய்தது எல்லாம் கடைசி நேரத்தில் முறிந்தது, ஏனென்றால் ஆறாவது வீட்டில் இருந்தது ஏழுமலை, தேசிங்கு, சசிரேகா மூன்றே பேர், அதில் கல்யாணத்துக்கு ஆள் இல்லை. அப்போது சசிரேகா பழைய, ஞாபகமில்லாத பகடையை மறுபடி செல்போனில் ஏற்றிப் பார்த்தாள். அது மூன்று, மூன்று, ஐந்து, மூன்று என்று தன் பாட்டுக்கு விழுந்தது, ஆனால் அந்த எண்காரர்கள் முகத்துவாரத்தில் வலை கட்டினால் பாசிதான் வந்தது, யாருக்கு முறையோ அவர்கள் ஏரியின் எந்த மூலையில் கிடந்தாலும் இறால் அவர்கள் வலையைத் தேடிப் போய் விழுந்தது. பகடை மறந்துவிட்டது, ஊர் மறக்கவில்லை. நாங்கள் பெண்களின் கல்யாணப் புடவையை எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டு, புதுப் பகடைக்கே திரும்பிவிட்டோம்.

சாவும் அப்படித்தான் வந்துகொண்டிருந்தது, நாங்கள்தான் அதைக் கரும்பலகையில் எழுதவில்லை. நான்காவது வகையறாவில் ஒருவரைப் பாம்பு கடித்தது, பிறகு இரண்டாவது, பிறகு ஆவணியில் என் அண்ணன் வலை பின்னிக்கொண்டிருக்கும்போதே சாய்ந்துவிட்டார், பிறகு ஐந்து, புரட்டாசிக் கடைசியில் மூன்று. என் பாக்கியத்துக்கு அதற்கு முன்பே வயிற்றில் புற்று. ஐப்பசி ஆரம்பத்தில் பெரிய ஆஸ்பத்திரியில், வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள், மிஞ்சினால் பத்து நாள் என்றார்கள். நானும் அழுது முடித்து, சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பினேன், வந்தவர்கள் எல்லாம் அவள் வாயில் பால் ஊற்றிவிட்டுக் காத்திருந்தார்கள்.

பத்தாம் நாள் போனது, பதினைந்தாம் நாள் போனது, வந்தவர்கள் ஊர் திரும்பினார்கள். அவள் உடம்பு குறைந்து பாயோடு பாயாக ஆகிவிட்டது, தண்ணீர்கூட இறங்கவில்லை, வலியில் அவள் போடும் சத்தம் மட்டும் குறையவே இல்லை. இருபதாம் நாள் சுகாதார நிலையத்து நர்ஸ் கற்பகம் வந்து கையைப் பிடித்துப் பார்த்தாள், கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள், மறுபடி கையைப் பிடித்தாள்.

"நாடி நின்னுடுச்சி அண்ணே" என்றாள். "வலிதான் நிக்கல."

"இன்னாம்மா சொல்ற?"

"ஒங்க வகையறாவுக்கு ஒங்க அண்ணனோட ஆயிடுச்சி. ஆறாவது வூடு இன்னும் குடுக்கல இல்ல? அவங்க குடுத்தாத்தான் அண்ணி போவ முடியும்." ஊசியைப் போட்டுவிட்டு, அது வேலை செய்யாது என்பதையும் சொல்லிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள்.

அன்றைக்கு மத்தியானம் போய் ஆறாவது வீட்டு வாசலில் உட்கார்ந்தேன். எதற்கு வந்தேன் என்று நான் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. சசிரேகா எனக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள், அவளுக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது, நிற்க முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அத்தைக்கு எப்டி இருக்குது?" என்றாள். "அப்டியேதான்" என்றேன். அதற்குப் பிறகு தினமும் போனேன், தினமும் அதே கேள்வி, அதே பதில், வாசலில் சுருட்டி வைத்த வலையை ஒட்டி எனக்கென்று ஒரு இடம் ஆகிவிட்டது.

நான் மட்டும் இல்லை. பிறப்பும் முறைதான் என்பதால், மற்ற ஐந்து வகையறாவிலும் ஒவ்வொரு பிள்ளை பிறந்து முடிந்து, ஆறாவது சசிரேகாவின் வயிற்றில் நின்றது, அதனால் எங்கள் வகையறாவில் ஒருத்தியும் நான்காவதில் ஒருத்தியும் பத்து மாதம் முடிந்து பதினோராவது மாதத்தை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த இரண்டு பெண்களும் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்காருவார்கள். ஊர் அந்த வீட்டைத் தாங்கியது மாதிரி எந்த வீட்டையும் தாங்கியதில்லை, சுறாப்புட்டும் முருங்கைக்கீரையும் போய்க்கொண்டே இருந்தன, தண்ணீர்க் குடத்தை அவளைத் தூக்கவிடவில்லை, தேசிங்கைப் பார்க்கும்போது எல்லாரும் தோளைத் தொட்டுப் பேசினார்கள். ஒரே வீட்டிலிருந்து ஒரு பிறப்பையும் ஒரு சாவையும் ஊரே எதிர்பார்த்துக்கொண்டிருந்தது, அன்பாகத்தான் எதிர்பார்த்தது.

ஏழுமலை நல்ல மனிதர். எழுபது வயது, நான் இருக்கிறேனே என்று அவரே முன்வந்தார், சீட்டில் ஜெயித்தவன் போல் ஊரைச் சுற்றி வந்து எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு, புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய நாளில் படகைத் தள்ளிக்கொண்டு கடலுக்குப் போனார். நாங்கள் கரையில் கை கூப்பி நின்றோம். சாயங்காலம் அலை அவரைப் படகோடு கொண்டுவந்து, சட்டைகூட நனையாமல், மணலில் வைத்துவிட்டுப் போனது. நான்கு தடவை அப்படிப் போனார், நான்கு தடவையும் கடல் திருப்பிக் கொடுத்துவிட்டது. நான்காம் தடவை அவர் கரையில் குந்தி அழுதபோது, அவர் அழுகிறாரே என்று எனக்கு வருத்தம் வரவில்லை, இன்றைக்கும் இல்லையா என்றுதான் வந்தது. ஒரு மனிதர் சாக வேண்டும் என்று நான் தினமும் கங்கையம்மனை வேண்டினேன், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் என் வீட்டில் அந்தச் சத்தத்தைக் கேட்டிருந்தால் நீங்களும் வேண்டியிருப்பீர்கள்.

பாக்கியம் விவரம் தெரிந்தவள். வலி கொஞ்சம் விடும் நேரத்தில் "ஆறாவது வூட்ல யாராச்சும்?" என்று கேட்பாள். இல்லை என்று தலையாட்டுவேன். "பாவம், அவுங்க இன்னா பண்ணுவாங்க" என்பாள், மறுபடி வலி வந்துவிடும்.

ஒரு நாள், மார்கழி பிறந்து நாலைந்து நாள் இருக்கும், தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் சசிரேகா என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"சமமா வரும்னு சொன்னேன் மாமா. ரொம்ப நாளாவும்னும் சொன்னேன்."

"சொன்னம்மா."

"பெரிய வகையறாவுக்கும் ஒண்ணு, எங்க மூணு பேருக்கும் ஒண்ணு. பாடு வாங்கும்போது நல்லாத்தான் இருந்திச்சி" என்றாள். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். வயிற்றில் கை வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மார்கழி பதினெட்டாம் தேதி, வெயில் ஏறிய நேரம், அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அழுகைச் சத்தம் தெருவுக்குக் கேட்டது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களும் அந்தச் சத்தம் கேட்ட அதே நிமிஷத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள், மற்றவர்கள் அவர்களைத் தாங்கிக்கொண்டு ஓடினார்கள், கோதண்டம் சர்க்கரைத் தட்டோடு வந்தார், தேசிங்கு யார் கையைப் பார்த்தாலும் பிடித்துக் குலுக்கினான், ஏழுமலை உள்ளே போய்ப் பேத்தியைப் பார்த்துவிட்டு வந்து என் வாயில் ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டு, "அரி, கொஞ்சம் பொறு, பேத்தி மொகத்தப் பாத்தாச்சி, இனிமே கடல் என்னைத் திருப்பித் தராது" என்றார். பிறப்புச் சுற்று முடிந்துவிட்டது, சாவுச் சுற்றில் மட்டும் ஒன்று பாக்கி. இரண்டும் ஒரே உயிரிலிருந்து வரலாம் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை என்று நான் சொன்னால் அது பொய். எனக்குத் தோன்றியிருந்தது, அந்த நினைப்பை நான் ஓரமாகத் தள்ளி வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

மத்தியானத்துக்குள் குழந்தையின் அழுகை நின்றது. பால் குடிக்கிறது என்று நினைத்தோம். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து பெண்களின் ஓலம் எழுந்தது, கற்பகம் வெளியே வந்து யாரையும் பார்க்காமல் கையை உதறினாள்.

இனி சொல்வதைத்தான் இத்தனை நாளும் யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஓலம் கேட்டதும் நான் எழுந்து ஓடினேன், அந்த வீட்டுக்குள் இல்லை, என் வீட்டுக்கு. ஐம்பத்தைந்து வயதில், செருப்பைக்கூட விட்டுவிட்டு, என் பெண்டாட்டிக்கு வழி திறந்துவிட்டதா என்று பார்க்க ஓடினேன். வழியெல்லாம் என் நெஞ்சு லேசாக இருந்தது.

பாக்கியத்தின் முனகல் அடங்கியிருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள், எழுபத்தொரு நாளில் முதல் தடவையாக அவள் முகத்தில் வலி இல்லை.

"எந்த வூட்டு அழுகை?" என்றாள்.

"ஆறாவது வூடு."

"யாரு? பெரியவரா?"

"ஆமா" என்றேன். "பெரியவர்தான்."

"வயசானவரு. சரி" என்றாள். என் கையை லேசாக ஒரு தடவை அழுத்திவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் அவளைத் தூக்கும்போது பாடையின் முன்பக்கத்தில் தோள் கொடுக்க ஒருவர் நகர்ந்து வந்தார், கையெல்லாம் மண், விடியற்காலையில் பேத்தியைக் கையில் ஏந்திக் கொண்டுபோய்க் குழி வெட்டிப் புதைத்துவிட்டு நேரே வந்திருந்த ஏழுமலை. செத்துப்போய்விட்டதாக என் பெண்டாட்டி நம்பிய மனிதரின் தோளில்தான் அவள் சுடுகாடு வரைக்கும் போனாள். ஊரில் அன்றைக்கு இரண்டு புதுக் குழந்தைகள் அழுதுகொண்டிருந்தன, மனசு நிறைய வருத்தத்தோடு எல்லாரும் மூச்சு விட்டார்கள். புதுச் சுற்றில் முதல் சாவு எங்கள் வகையறாவுடையது, ஆகையால் எங்கள் நாற்பத்திரண்டு வீட்டிலும் மற்ற ஐந்து வகையறா ஒவ்வொன்று கொடுக்கும்வரை யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஆறாவது வீடு இன்னும் மூன்று தடவை கொடுக்கலாம். அதற்குப் பிறகு யாரும் சாக முடியாது, எந்த வலி வந்தாலும்.

வலைக்கூடத்துக்குப் போனேன். சுவரில் ஆறு வரிசைக் கோடுகளும் ஒன்றுக்கொன்று ஒரு கோடுகூட அதிகமில்லாமல் நின்றன. ஈரத்துணியால் துடைத்தேன், சுண்ணாம்பு போனது, தடம் போகவில்லை. பிறகு கால் தானாக ஆறாவது வீட்டுக்குப் போனது.

சசிரேகா வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள், பால் கட்டாமல் இருக்க மார்பில் துணியை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அவள் என்ன கேட்பாள் என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன், இப்போ சரியா மாமா என்று கேட்பாள், நான் அவள் காலில் விழுவேன் என்று நினைத்திருந்தேன். அவள் அதைக் கேட்கவில்லை.

"அத்தை கஷ்டப்படாம போனாங்களா மாமா?" என்றாள்.

தலையை ஆட்டினேன். அவளும் தலையை ஆட்டிக்கொண்டாள், பிறகு கையை ஊன்றி எழுந்து உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, அந்த வலையைச் சற்றுத் தள்ளி எனக்கு இடம் பண்ணிக் கொடுத்தாள். நான் உட்கார்ந்தேன்.